முன்பணம் கட்டிவிட்டோம், அறிவுறுத்தல் வந்திருக்கிறது: எருசலேமுக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். எனக்கு வயது 66, என் கணவருக்கு 71. எங்கள் சபையைச் சேர்ந்த 38 பேர், டிராவல்ஸ் ஒன்றின் மூலம் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து ஆகிய மூன்று நாடுகளுக்குப் பத்து நாள் புனிதப் பயணம் செல்ல ஏற்பாடாகியிருக்கிறது. புறப்பட இரண்டு மாதங்கள் இருக்கின்றன. தலைக்கு 50,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டோம்; மீதியை இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். இந்த நேரத்தில், இஸ்ரேலுக்குப் போக வேண்டாம் என்று இந்திய அரசு சொல்லியிருப்பதாக வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. அதன் படத்தை இணைத்துள்ளேன். ஓசூரில் இருக்கும் எங்கள் மகன், “கவர்மெண்டே வேண்டாம் என்கிறது, நீங்கள் எதற்குப் போகிறீர்கள்” என்று கோபிக்கிறான். டிராவல்ஸ்காரரோ, “மாதாமாதம் ஆட்களை அழைத்துப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். பயமாக இருந்தால் விலகிக்கொள்ளுங்கள், ஆனால் முன்பணம் திரும்பாது” என்கிறார். என் கணவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இந்தப் பயணம் அவருடைய நெடுநாள் ஆசை. அரசு வேண்டாம் என்று சொன்ன பிறகு போவது சட்டப்படி தவறா? ஏதாவது நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? போகலாமா, கூடாதா என்று ஒரு முடிவாகச் சொல்லுங்கள்.

பதில்: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் இணைத்திருக்கும் படத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில் தேதி இருக்க வேண்டிய அடிப்பகுதியை யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். வாசகம் எனக்குத் தெரிந்த வாசகம்தான். ஈரானுக்கோ இஸ்ரேலுக்கோ மறு அறிவிப்பு வரும்வரை பயணம் செய்ய வேண்டாம் என்றும், அங்கே இருப்பவர்கள் தூதரகத்தில் பதிவு செய்துகொண்டு நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் வெளியுறவு அமைச்சகம் 2024 ஏப்ரல் 12 அன்று வெளியிட்ட அறிவுறுத்தல் அது. ஒரு மாதம் முடிவதற்குள்ளேயே, மே மாதத் தொடக்கத்தில், அதே அமைச்சகம் அதைத் தளர்த்தி, அங்கே செல்பவர்கள் விழிப்புடன் இருந்து தூதரகத்துடன் தொடர்பு வைத்துக்கொள்ளும்படி மாற்றிச் சொன்னது. அதற்குப் பிறகும் அந்தப் பகுதிக்குப் பல அறிவுறுத்தல்கள் வந்திருக்கின்றன, மாறியிருக்கின்றன. ஆகவே உங்கள் மகன் கோபித்துக்கொண்டது பழைய காகிதத்தைப் பார்த்து. அவருடைய கவலைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் படத்தை வைத்து முடிவெடுக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன். நடைமுறையில் இருப்பது எது என்பதை அமைச்சகத்தின் இணையதளத்திலும், டெல் அவிவில் உள்ள நம் தூதரகத்தின் இணையதளத்திலும் நீங்களே திறந்து, தேதியோடு படியுங்கள். இன்று ஒரு முறை, மீதிப் பணம் கட்டும் முன் ஒரு முறை, புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு முறை என்று படிப்பது நல்லது.

உங்கள் பயணத்துக்கு டெல் அவிவ் தூதரகம் ஒன்றை மட்டும் பார்த்தாலும் போதாது. ஜோர்டானுக்கு அம்மானில் ஒரு தூதரகம், எகிப்துக்குக் கெய்ரோவில் ஒரு தூதரகம் இருக்கின்றன. பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியில் இருப்பதால், அதற்கு ராமல்லாவில் இந்தியாவின் பிரதிநிதி அலுவலகம் தனியாக உண்டு. பத்து நாள் பயணத்தில் நான்கு அலுவலகங்களின் எல்லைக்குள் நீங்கள் வந்து போகிறீர்கள். டிராவல்ஸ்காரரிடம் இந்த நான்கின் எண்களையும் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். தயங்காமல் தருகிறாரா என்பதே அவருடைய தயாரிப்பைப் பற்றி ஓரளவு சொல்லிவிடும்.

இனி சட்டம். பயண அறிவுறுத்தல் என்பது தடை உத்தரவு ஆகாது. அதை மீறிப் போனதற்காக உங்கள் மீது வழக்கோ அபராதமோ வராது. தடை என்பது வேறு. கடவுச்சீட்டுச் சட்டம், 1967-இன் 19-ஆம் பிரிவின்படி, போர் நடக்கும் நாடு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டால், அந்த நாட்டுக்குச் செல்ல நம் கடவுச்சீட்டு செல்லாததாகிவிடும். ஏமன் நாட்டுக்கு 2017-இல் அப்படித்தான் தடை வந்தது. அங்கே போக வேண்டியவர்கள் அரசிடம் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கிடைக்காதவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். உங்கள் படத்தில் உள்ளது அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஆனாலும் அறிவுறுத்தல் என்ற அந்த ஒற்றைத் தாள், உங்களுக்கு எதிராகச் சில இடங்களில் சாட்சி சொல்லும். இன்சூரன்ஸ் நிறுவனம் அதைக் காட்டும். டிராவல்ஸ்காரர், “தெரிந்துதானே வந்தீர்கள்” என்று அதையே காட்டுவார். குற்றம் எதுவும் இல்லாமலே, செலவும் பொறுப்பும் உங்கள் பக்கம் நகர்ந்துவிடுகின்றன.

அமெரிக்கா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டுவிடுகிறது. நம் அமைச்சகம் அப்படி எண் தருவதில்லை. வாசகத்தை வைத்துத்தான் கடுமையை எடைபோட வேண்டும். எச்சரிக்கையுடன் இருங்கள் என்பது முதல் படி. தேவையற்ற பயணத்தைத் தவிருங்கள் என்பது அடுத்தது. 2024 அக்டோபர் 2 அன்று ஈரானுக்கு அப்படிச் சொன்னார்கள். மறு அறிவிப்பு வரும்வரை போகாதீர்கள் என்பது அதற்கும் மேல். அங்கே இருப்பவர்கள் கிடைக்கும் வழியில் வெளியேறுங்கள் என்பதே உச்சம். இந்தப் படிகள் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு உக்ரைனை நினைத்துப் பாருங்கள். அங்கே தங்குவது அவசியமில்லாத மாணவர்கள் தற்காலிகமாகக் கிளம்புவது பற்றி யோசிக்கலாம் என்று கீவ் தூதரகம் 2022 பிப்ரவரி 15 அன்று மென்மையாகச் சொன்னது. அடுத்த சில நாட்களில் குரல் கடுமையானது. பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கி வான்வெளி மூடப்பட்டது. இடையில் இருந்தது ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாட்களில், டிக்கெட் விலையைப் பார்த்தும் பல்கலைக்கழகத்தின் பதிலுக்குக் காத்தும் தங்கிப்போன பிள்ளைகள், பிறகு எல்லை வரை குளிரில் நடந்து வந்தார்கள்.

ஒருவருக்கு எது தேவையான பயணம் என்பதை அரசு சொல்லாது; அதை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். நம் வடாற்காட்டுப் பக்கத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் தோல் தொழில் வழியாகவே என்னிடம் வரும். 2024 ஆகஸ்ட் 5 அன்று டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து, வங்கதேசத்துக்குப் போக வேண்டாம் என்று அமைச்சகம் கடுமையாகச் சொன்னபோது, அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளில் டெக்னீஷியனாக இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களின் வீடுகளில் எழுந்த கேள்வி வேறு: போகாவிட்டால் வேலை போய்விடும், போனால் என்னாகும்? எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்களில் வங்காள எழுத்தில் பலகை வைத்திருப்பது யாருக்காகவோ, இங்கே சிகிச்சைக்கு வரும் அந்த வங்கதேச நோயாளிகளில் பலர் விசா கிடைக்காமல் அப்போது வர முடியாமல் போனார்கள். சிகிச்சைக்கான பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. சம்பளத்துக்கான பயணத்தை ஓரளவுதான் தள்ளிப்போட முடியும். உங்கள் பயணம் மனத்துக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதைத் தள்ளிப்போட முடியும் என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். என் ஆலோசனையில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது.

பயணிகள் எல்லாரும் என்னிடம் கேட்பது, “அங்கே குண்டு விழுமா?” என்பது. எனக்கு அது தெரியாது, டிராவல்ஸ்காரருக்கும் தெரியாது. மாதாமாதம் ஆட்கள் போய்வருகிறார்கள் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஒன்றும் நடக்காத மாதங்களே அதிகம். நீங்கள் கேட்க வேண்டியது, நடுவில் வழி அடைபட்டால் யார், எந்த வழியாக, யார் செலவில் உங்களை வெளியே கொண்டுவருவார்கள் என்பது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கியபோது, காலையில் வேலைக்காக அக்கரை போனவர்களுக்குப் போகும்போது எந்தத் தொல்லையும் இல்லை. மாலையில் வீடு திரும்பத்தான் பாலம் இல்லை. போர் நடக்கும் பகுதியின் பயணமும் இப்படித்தான்.

இதே இஸ்ரேலில் நடந்த இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் சேவையை நிறுத்தினாலும், டெல் அவிவ் விமான நிலையம் மூடப்படவில்லை. அதனால் ‘ஆபரேஷன் அஜய்’ என்ற பெயரில் அரசு அமர்த்திய முதல் விமானம், ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 13 அன்று டெல்லியில் இறங்கியது. 2025 ஜூன் 13 அன்று நிலைமை வேறு. இஸ்ரேல் ஈரானைத் தாக்கிய அந்த நாளிலேயே வான்வெளி முழுவதும் மூடப்பட்டது. விமானம் அனுப்ப அரசு தயாராக இருந்தாலும் இறங்க இடமில்லை. ‘ஆபரேஷன் சிந்து’வில் நம்மவர்கள் தரைவழியாக ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து விமானம் ஏற்றப்பட்டார்கள். இஸ்ரேலிலிருந்து அப்படி ஜோர்டான் வழியாக வந்த முதல் குழு டெல்லி வந்து சேர்ந்தது ஜூன் 24 அன்று. அதற்கு முந்தின இரவு, கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியதால் வளைகுடா நாடுகள் பலவும் சில மணி நேரம் வான்வெளியை மூடின. தோஹாவிலும் துபாயிலும் விமானம் மாறவிருந்தவர்கள் அங்கங்கே நின்றார்கள். உங்கள் டிக்கெட்டில் இடையில் எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத் திட்டத்தில் நான் முதலில் விரல் வைப்பது ஜோர்டானுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவில் உள்ள பாலத்தில். அம்மானில் இறங்கி எருசலேம் செல்லும் குழுக்கள் பெரும்பாலும் ஆலன்பி பாலம் என்ற கடவு வழியாகத்தான் போகின்றன. 2024 செப்டம்பரில் அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து பாலம் மூடப்பட்டது. 2025 செப்டம்பரில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு, மறுபடியும் மூடல். பெரிய போர் எதுவும் வேண்டாம்; தனி ஒருவன் கையில் ஒரு துப்பாக்கி போதும், 38 பேரின் பயணம் தலைகீழாகிவிடும். வடக்கே ஒரு கடவும் தெற்கே அக்காபா பக்கம் ஒரு கடவும் இருக்கின்றன, ஆனால் பஸ், வழிகாட்டி, விசா எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஆகவே டிராவல்ஸ்காரரிடம், “ஆலன்பி மூடினால் எந்தக் கடவு? தபா எல்லைக் கடவு வழியாக எகிப்துக்குப் போக முடியாவிட்டால் எங்கே திரும்புவோம்? ஜோர்டானுக்குள் இரண்டாம் முறை நுழைய எங்கள் விசா இடம் தருமா?” என்று கேளுங்கள். உங்களுக்கு எடுப்பது குழு விசாவா, தனி விசாவா என்பதும் முக்கியம். குழு விசாவில் போனவர்கள் சேர்ந்தே நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டியிருக்கும். உங்கள் கணவருக்கு உடம்பு முடியாமல் நீங்கள் இருவர் மட்டும் முன்கூட்டியே திரும்ப நேர்ந்தால் அதுவே சிக்கலாகிவிடும்.

கலிலேயாக் கடலும் கப்பர்நகூமும் திட்டத்தில் நிச்சயம் இருக்கும். அந்த வடபகுதி லெபனான் எல்லைக்கு அருகில் இருப்பது. 2024 மார்ச்சில் அங்கே எல்லையோரத் தோட்டம் ஒன்றில் ஏவுகணை விழுந்து, வேலைக்குப் போன ஒரு கேரள இளைஞர் இறந்தார். அதற்குப் பிறகுதான் எல்லையோரத்தில் இருக்கும் இந்தியர்களைப் பாதுகாப்பான உட்பகுதிக்கு இடம்பெயரச் சொல்லி நம் தூதரகம் அறிவுறுத்தியது. எருசலேம் அமைதியாக இருக்கும் நாளில் கலிலேயா அமைதியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. வடபகுதியைக் கடைசி நேரத்தில் விட்டுவிட்டால் அதற்கான தொகையைக் கழிப்பார்களா என்றும் கேட்டு வையுங்கள். கழிக்க மாட்டார்கள், ஆனால் கேட்டால்தான் அவர்களே அதைப் பற்றி யோசிப்பார்கள்.

உங்கள் கணவரின் உடல்நிலையை நான் மருத்துவராகப் பேச முடியாது. அவருடைய இதய மருத்துவரிடம் கேட்கும்போது, “பயணம் போகலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள், விமானத்தில் போகலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார். “திட்டமிட்ட நாளில் திரும்ப முடியாமல், தூக்கமில்லாமல், சைரன் ஒலிக்கும்போதெல்லாம் மாடிப்படி இறங்கிப் பதுங்கறைக்குப் போக வேண்டியிருந்தால் இவரால் முடியுமா? நாள் முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லையில் மணிக்கணக்கில் நிற்க முடியுமா?” என்று கேளுங்கள். 2025-இல் வான்வெளி மூடியதற்கும் முதல் குழு வீடு திரும்பியதற்கும் இடையில் பதினொரு நாள் ஆயிற்று என்பதைக் கணக்கில் வைத்து, போவதானால் பத்து நாள் மாத்திரைக்குப் பதிலாக ஒரு மாத மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை இடையில் நிறுத்தக் கூடாது. மருந்தின் வேதிப்பெயர் எழுதிய, மருத்துவர் கையொப்பமிட்ட சீட்டும், ஸ்டென்ட் வைத்தபோது தந்த அட்டையும் கூடவே இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டூர் கட்டணத்திலேயே இன்சூரன்ஸ் சேர்ந்திருக்கிறது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பாலிசி எண்ணைக்கூடக் காட்டியிருக்க மாட்டார்கள். பாலிசியை வாங்கி, முதல் பக்கத்தில் உள்ள லட்சம் டாலர் எண்ணைத் தாண்டி, ‘பொது விலக்குகள்’ என்ற பகுதிக்குப் போங்கள். போர், போர் போன்ற நடவடிக்கை, அன்னிய எதிரியின் செயல், உள்நாட்டுக் கலகம் ஆகியவற்றால் நேரும் இழப்புக்குப் பொறுப்பில்லை என்று நம் நாட்டுப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். ஏற்கெனவே தெரிந்த நிகழ்வினால் வரும் இழப்பையும், அரசின் அறிவுறுத்தலுக்கு மாறாகச் செய்த பயணத்தையும் சேர்த்து விலக்கும் பாலிசிகள் உண்டு. பயண ரத்துக்கான பிரிவு இருந்தாலும், அது பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே பணம் தரும்: மரணம், கடும் நோய், விபத்து போன்றவை. அரசு வேண்டாம் என்றது, மகன் தடுத்தான், எங்களுக்கே மனம் ஒப்பவில்லை ஆகியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. உங்கள் கணவரின் ஸ்டென்ட் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற தலைப்பில் வரும். அதை விண்ணப்பத்தில் மறைத்திருந்தால், போருக்குச் சம்பந்தமே இல்லாத சாதாரண நெஞ்சுவலிக்குக்கூடக் கிளைம் நிராகரிக்கப்படலாம். குழுவுக்கு மொத்தமாக எடுக்கும்போது ஏஜெண்டே எல்லாருக்கும் ‘நோய் இல்லை’ என்று நிரப்பிவிடும் வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நிறுவனத்துக்கு இந்த வாசகத்தை அப்படியே மின்னஞ்சல் செய்யுங்கள்: “இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுறுத்தல் நடைமுறையில் உள்ள நாட்டுக்கு, இந்தப் பாலிசி எண்ணின் கீழ், 71 வயதுள்ள, இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட என் கணவர் பயணம் செய்கிறார். (ஒன்று) போருக்குத் தொடர்பில்லாத நெஞ்சுவலிக்கு மருத்துவமனைச் செலவு கிடைக்குமா? (இரண்டு) வான்வெளி மூடியதால் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் பாலிசிக் காலம் தானாக நீளுமா? ஆம், இல்லை என்று எழுத்தில் தெரிவிக்கவும்.” தொலைபேசியில் இனிமையாகச் சொல்லும் எந்தப் பதிலையும் நம்ப வேண்டாம். எழுத்தில் பதில் வராவிட்டால், இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிய பணத்துக்கு வருகிறேன். போனாலும் போகாவிட்டாலும் அந்த ஒரு லட்சம் கையை விட்டுப் போனதுதான். அதைக் காப்பாற்றுவதற்காகவே பயணம் போக வேண்டாம். அதே நேரம், டிராவல்ஸ்காரர் சொன்னார் என்பதற்காக முழுவதையும் விட்டுவிடவும் வேண்டாம். இப்போதே விலகினால் அவர் உண்மையில் செலவு செய்திருப்பது என்ன என்று கணக்குக் கேளுங்கள். இரண்டு மாதம் இருக்கும் நிலையில் விசாவுக்குப் பெரும்பாலும் விண்ணப்பித்திருக்க மாட்டார். விமான டிக்கெட்டுக்குக் குழுவின் பெயரில் ஒரு முன்தொகை மட்டும் கட்டியிருப்பார். உங்கள் பெயரில் டிக்கெட்டே எடுத்துவிட்டார் என்றால், அது இந்திய விமான நிறுவனமாக இருந்தால், பயணியே ரத்து செய்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அமைப்பின் விதி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு உங்கள் பான் எண்ணில் டி.சி.எஸ். என்ற வரி பிடித்திருந்தால், அது டிராவல்ஸ்காரருடைய பணமே இல்லை. உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்கிறதா என்று ஆடிட்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்யலாம், அல்லது திரும்பப் பெறலாம்.

அவர் எதற்குமே இணங்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. உங்கள் இருப்பிடத்திலேயே வழக்குத் தொடரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும்: பயணத்தை அவரே ரத்து செய்தால் உங்கள் தரப்பு மிக வலுவானது, மற்றவர்கள் எல்லாரும் போய்வர நீங்கள் மட்டும் விலகினால் அவ்வளவு வலுவில்லை. எனவே சண்டையைவிட, அதே முன்பணத்தை அடுத்த பயணத்துக்கு மாற்றித் தரும்படி கேட்பது பலன் தரும். பெரும்பாலான டிராவல்ஸ்காரர்களுக்கு அது கையில் பணத்தைத் திருப்பித் தருவதைவிட எளிது.

உங்கள் கடிதத்தில் நேரடியாக எழுதாத ஒன்று வரிகளுக்கிடையே தெரிகிறது. சபையில் 36 பேர் கிளம்பும்போது நீங்கள் இருவர் மட்டும் பின்வாங்கினால் விசுவாசம் போதவில்லை என்று பேச்சு வருமோ என்ற தயக்கம். விசுவாசத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. உங்கள் ஆயரிடம் பேசுங்கள். குழுவாகப் போகும்போது யாருமே தனியாக முடிவெடுப்பதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்து, அவரே போகிறாரே என்று எண்ணிக்கொள்கிறார்கள். நீங்கள் வாய்விட்டுக் கேட்டால் இன்னும் நான்கைந்து பேர் கேட்பார்கள். அப்போது டிராவல்ஸ்காரரும் வேறு குரலில் பேசுவார்.

முடிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நீங்கள் தந்த விவரங்களை வைத்து, இந்த முறை இஸ்ரேல் பகுதிக்கு நீங்கள் இருவரும் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அங்கே ஆபத்து உறுதி என்பதால் இதைச் சொல்லவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் உள்ள 71 வயதுக்காரரை, எழுத்தில் உறுதி தராத இன்சூரன்ஸை நம்பி, மாற்று வழியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத ஏற்பாட்டாளருடன், குழுவை விட்டுப் பிரிந்து வர முடியாமல் போகக்கூடிய விசாவில் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. இவற்றில் விசாவும் மாற்று வழியும் இன்சூரன்ஸும் எழுத்தில் தெளிவாகி, நீங்கள் மீதிப் பணம் கட்டும் நாளில் நடைமுறையிலிருக்கும் அறிவுறுத்தலும் ‘எச்சரிக்கையுடன் இருங்கள்’ என்ற படியில் மட்டும் இருந்தால், இதே கேள்விக்கு என் பதில் மாறும். உங்களுக்கு 50 வயதாகவும் இருவரும் திடமாகவும் இருந்தாலும் மாறும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஜோர்டானையும் எகிப்தையும் மட்டும் கொண்டு ஒரு பயணம் அமைத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாகப் போற்றப்படும் யோர்தான் நதியின் கிழக்குக் கரை, அல்-மக்தஸ், ஜோர்டானில் இருக்கிறது. 2015-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மோசே நின்று வாக்குத்தத்த தேசத்தைப் பார்த்த நேபோ மலையும், பழைய எருசலேமின் வரைபடத்தைத் தரையில் பதித்திருக்கும் மாதாபா தேவாலயமும் அந்நாட்டிலேயே உள்ளன. எகிப்தில் சீனாய் மலையும் அதன் அடிவாரத்தில் புனித கத்தரீனாள் மடமும் இருக்கின்றன. ஆனால் மலையேற்றம் உங்கள் கணவருக்கு வேண்டாம். ஜோர்டானும் 2024 ஏப்ரலிலும் 2025 ஜூனிலும் வான்வெளியை மூடியது உண்மை; ஆனால் விரைவில் திறந்தது, மற்றவர்களை மீட்கும் வழியாகவும் அதுவே இருந்தது. இருந்தாலும் அம்மான், கெய்ரோ தூதரகங்களின் அறிவிப்புகளைப் படித்த பிறகே சரி என்று சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போவது என்று நீங்கள் முடிவு செய்தால், அது உங்கள் உரிமை. டெல் அவிவ் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். மீட்பு நடவடிக்கை என்று வந்தால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு கடவுச்சீட்டுகள், விசா, பாலிசி ஆகியவற்றின் நகலை ஓசூரில் மகனிடம் கொடுங்கள். அரசின் மீட்பு விமானம் எப்போதும் இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்கு அரசே செலவை ஏற்றது, 2020 கொரோனாக் காலத்தில் ‘வந்தே பாரத்’ விமானங்களில் வந்தவர்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டித்தான் வந்தார்கள். ஆகவே திரும்புவதற்கென்று தனியாக ஒரு தொகையை மகனின் கணக்கில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

எருசலேம் புனிதப் பயணம் செல்லும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழக அரசு 37,000 ரூபாய் மானியம் தருகிறது. அதை நம்பி டிராவல்ஸ்காரர் உங்கள் கட்டணத்தில் ஏதாவது கழித்திருக்கிறாரா என்று பாருங்கள். மானியம் பயணம் முடித்துத் திரும்பியவர்கள் விண்ணப்பித்துப் பெறுவது. அதுவும் வரையறுத்த எண்ணிக்கையினருக்கு மட்டும். இஸ்ரேல் இல்லாத திட்டத்துக்கு அது பொருந்துமா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு மீதிப் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.